பதினான்காம் அறைக்காரர்கள்

என் கையெழுத்து மிகவும் பொடியாக இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால் சிரமம் இருக்காது. ரத்தக் குழாய்களில் ஒட்டும் சின்னச் சீட்டுகளில் பெயரும் வயதும் தேதியும் எழுதி எழுதிப் பதினெட்டு வருடப் பழக்கம். முழுத் தாளைக் கொடுத்தாலும் கை அதே அளவில்தான் எழுதுகிறது. நடந்ததை என் கைப்படவே எழுதித் தரச் சொன்னீர்கள், அவசரமில்லை என்றும் சொன்னீர்கள். அதனால் முதலிலிருந்தே எழுதுகிறேன். நீங்கள் லேப்பிலிருந்து தொடங்கச் சொல்வீர்கள். எனக்கு இது விடுதியில் தொடங்குகிறது.

ஒன்பது வயதில் அம்மா போய்விட்டாள். வேலை தேடிப் போன அப்பாவுக்குப் போன இடத்திலேயே இன்னொரு குடும்பம் அமைந்துவிட்டது. நான் பெரியப்பா வீட்டில் வளர்ந்தேன். அவர்கள் என்னைக் கொடுமைப்படுத்தினார்கள் என்று சொன்னால் வாய் அழுகிவிடும். சாப்பாட்டு நேரத்தில் பெரியம்மா தன் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கடைசியில், "அவனையும் கூப்பிடுங்க" என்பார். அவ்வளவுதான். ஒன்பது வருடம் நான் அந்த 'அவனையும்' ஆக இருந்தேன்.

கல்லூரி விடுதியில் எனக்குப் பதினான்காம் எண் அறை கிடைத்தது. மூன்று இரும்புக் கட்டில், மூன்று அலமாரி, தண்ணீர்த் தொட்டியைப் பார்த்த ஒரே ஜன்னல். முதல் நாள் என் கட்டிலில் போர்வையை விரித்துவிட்டு அதில் உட்காராமல் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன். யாராவது வந்து "எழுந்திரு" என்று சொல்வார்களோ என்று ஒரு பயம். அப்போது உள்ளே வந்தவன் தன் பெட்டியைத் தொப்பென்று கீழே போட்டுவிட்டு, "என்னடா, கட்டிலுக்குக் காவலா? உட்காரு, கடிக்காது" என்றான். தலைமுடி சுருள் சுருளாக இருந்ததால் அன்று சாயங்காலத்துக்குள் அவன் சுருட்டை ஆகிவிட்டான். நிலவியல் படிக்க வந்தவன். மூன்றாமவன் கணிதம். பல் துலக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பதைக்கூடக் கூட்டிப் பெருக்கிச் சொல்வான். அவன் பெயர் கணக்கு. நான் உயிர்வேதியியல். எனக்கு அவர்கள் வைத்த பெயர் வார்டன்.

வார்டன் என்று சும்மா வைக்கவில்லை. காலையில் இருவரையும் எழுப்புவது நான். மெஸ்ஸில் தாமதமானால் தட்டில் எடுத்து மூடி வைப்பது நான். சுருட்டையின் சட்டைப் பொத்தான் எங்கே அறுந்திருக்கிறது, கணக்குக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, இருவர் வீட்டிலிருந்தும் எப்போது கடைசியாகக் கடிதம் வந்தது, எல்லாம் எனக்குத் தெரியும். யாராவது சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போனால் மனசு கேட்காது. திரும்பி வரும்வரை படிக்கட்டில் உட்கார்ந்திருப்பேன். "வார்டன் உட்கார்ந்திருக்காருடா, பின்வாசல் வழியா போயிடலாம்" என்று கீழிருந்து கிசுகிசுப்பது கேட்கும். மூவரும் சிரிப்போம்.

இரண்டாம் வருடத் தேர்வு முடிந்து விடுதி காலியான சமயத்தில் சுருட்டைக்குக் காய்ச்சல் வந்தது. டைபாய்டு. கணக்கு ஏற்கெனவே வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். சுருட்டையின் அப்பா அப்போது படுத்த படுக்கையாக இருந்ததால் அவன் வீட்டிலிருந்து யாரும் வர முடியவில்லை. பத்தொன்பது நாள் நான் ஒருவனே பார்த்துக்கொண்டேன். நெற்றியில் ஈரத்துணி மாற்றினேன். கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டினேன். கழிப்பறைக்குத் தோளில் சாய்த்துக் கூட்டிப்போனேன். அவன் ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றாலும் என்னிடம்தான் பேச வேண்டும். "நீ இல்லேன்னா நான் செத்திருப்பேன்டா" என்று ஒருநாள் சொன்னான். என் வாழ்க்கையிலேயே நான் நிறைவாக இருந்த நாட்கள் அந்தப் பத்தொன்பது. காய்ச்சல் இறங்கிய அன்று தெர்மாமீட்டரைப் பார்த்தபோது எனக்குள் ஏதோ ஒன்று சோர்ந்து போனதை இன்று ஒத்துக்கொள்கிறேன். அப்போது அதற்குப் பெயர் தெரியவில்லை.

படிப்பு முடிந்தால் விடுதி நட்பு எல்லாம் கல்யாணப் பத்திரிகையோடு சரி என்று சொல்வார்கள். எங்களுடையது இருபத்துநான்கு வருடம் நின்றது. நின்றது என்று எழுதிவிட்டேன். விழாமல் நிறுத்திவைத்தவன் நான். சுருட்டைக்கு ஒரு பெரிய கட்டுமான நிறுவனத்தில் வேலை. சுரங்கப் பாதை வெட்டுகிற இடத்தில் பாறை தாங்குமா, தாங்காதா என்று பார்த்துச் சொல்கிறவன் அவன். அவன் எந்த ஊரில் வீடு கட்டினானோ அந்த ஊரில்தான் நான் லேப் திறந்தேன். கணக்கு இரண்டு மணி நேரப் பயணத்தில் ஒரு கல்லூரியில் பேராசிரியர். ஒவ்வொரு ஞாயிறும் இருவரையும் நான் அழைப்பேன். பிறந்தநாள், திருமண நாள், பிள்ளைகளின் தேர்வு முடிவு, எதையும் விட்டதில்லை. "உங்களுக்குச் சம்சாரம் அந்த ரெண்டு பேரும்தான், நான் சும்மா வாடகைக்கு இருக்கேன்" என்பாள் என் மனைவி. பிறகு அவள் தன் அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

ஒரு வருடம் சும்மா ஒரு சோதனை செய்து பார்த்தேன். அழைப்பதை நிறுத்தினேன். ஒரு மாதம். இரண்டு மாதம். நான்காவது மாதம் என் பிறந்தநாளும் வந்து போயிற்று. ஒருவனும் அழைக்கவில்லை. ஐந்தாவது மாதம் நானே கணக்கை அழைத்தேன். "டேய் வார்டா, எப்படிடா இருக்க? போன வாரம்தானே பேசினோம்?" என்றான். கணக்கில் தங்கப் பதக்கம் வாங்கியவன் சார், அவன். அடுத்து சுருட்டையை அழைத்தேன். எடுத்தது அவன் மனைவி. போனைக் கையால் பொத்திக்கொண்டு சொல்வதாக நினைத்துச் சொன்னாள், எனக்கு நன்றாகவே கேட்டது. "அந்த வார்டன்தாங்க." பின்னால் சுருட்டையின் குரல்: "குளிக்கிறேன்னு சொல்லும்மா."

நான் கோபப்படவில்லை. அடுத்த ஞாயிறும் வழக்கம்போல அழைத்தேன்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சுருட்டை லேப்புக்கு வந்தான். தானாக வந்தான். அதனாலேயே எனக்கு அன்று கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேநீர் வரவழைத்தேன். உட்காரக்கூட இல்லை, அதற்குள் சொல்லிவிட்டான்.

"வெளிநாட்டுல பெரிய வேலைடா. மலையைக் குடைஞ்சு ரயில் பாதை. குடும்பத்தோட கூட்டிக்கிட்டுப் போகலாம். அடுத்த மாசம் கிளம்பணும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"அது போய்ப் பார்த்தாதான் தெரியும். உடம்பு நல்லா இருக்குன்னு ஒரு சர்டிபிகேட் கேட்கிறான். நம்ம லேப் இருக்கும்போது நான் எதுக்கு வெளியில போகணும்? கையை நீட்டுறேன், குத்து."

நானே குத்தினேன். வலிக்காமல் குத்துவேன் என்பது ஊருக்கே தெரியும். அவன் கையை மடக்கிக்கொண்டு தேநீரைப் பாதி குடித்துவிட்டு, "வீட்டுல மூட்டை கட்டுற வேலை தலைக்கு மேல கிடக்குடா" என்று போய்விட்டான்.

இப்போது அந்தத் தையல்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் வந்துவிட்டது. என் லேப்பிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் கடை. ஒற்றை மெஷின். எங்கள் லேப்பின் வெள்ளைக் கோட்டுகளை அவர்தான் தைப்பார். எங்கள் வயதுதான் இருக்கும். சர்க்கரை நோய் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுக்க வருவார். அன்று காலையும் வந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தார். சர்க்கரையோடு சிறுநீரகத்துக்கும் பார்க்கச் சொல்லி அவருடைய டாக்டர் எழுதிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

சர்க்கரைக்கு எடுக்கும் குழாய்க்குச் சாம்பல் நிற மூடி. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க எடுப்பதற்கு மஞ்சள் மூடி. இரண்டு பேருடைய மஞ்சள் மூடிக் குழாய்களும் தாங்கியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. மெஷினில் ஓட்டினேன். கிரியாட்டினின் என்று ஒன்று பார்ப்போம். ரத்தத்தில் அது ஏறினால் சிறுநீரகம் சரியில்லை என்று பொருள். ஒன்றுக்குள் இருந்தால் நிம்மதி. சுருட்டைக்கு அரைக்கு மேல் கொஞ்சம், ஒன்றுக்குக் கீழே. இளைஞனுக்கு வருகிற மாதிரி. தையல்காரருக்கு மூன்றைத் தொட்டிருந்தது. அவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று தொலைபேசியைக்கூடக் கையில் எடுத்தேன்.

அப்புறம் அதைக் கீழே வைத்தேன். இரண்டு குழாய்களிலும் இருந்த சீட்டுகளை உரித்தேன். புதிதாக எழுதி மாற்றி ஒட்டினேன். மறுபடி ஓட்டினேன்.

மெஷினில் எண்ணைக் கையால் தட்டி மாற்ற வழி இருக்கிறது. சில லேப்களில் செய்கிறார்கள். நான் ஒருநாளும் செய்ததில்லை. என் லேப்பிலிருந்து வெளியே போன எந்த எண்ணும் மெஷின் தராத எண் இல்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரே ஒரு தடவை என்றுதான் நினைத்தேன். பயணம் தள்ளிப்போகும், அதற்குள் அந்த வேலை வேறு யாருக்காவது போய்விடும், பிறகு "ஏதோ தப்பு, இப்போ சரியாகிடுச்சு" என்று சொல்லிவிடலாம். சுருட்டைக்குச் சர்டிபிகேட் கொடுக்க வேண்டிய டாக்டர் நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். தையல்காரரின் ரத்தத்தில் மீதியை ஃப்ரீசரில் வைத்திருந்தேன், அது உதவியது. சிறுநீர்ப் பரிசோதனைக்கும் அவர் கொடுத்திருந்ததையே வைத்தேன். ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. "ஆரம்பத்துல ஸ்கேன்ல தெரியணும்னு இல்லை" என்று டாக்டரே விளக்கம் சொல்லிவிட்டார். நான் வாய் திறக்கவே இல்லை.

அந்தச் சாயங்காலம் சுருட்டை என் அறையில் உட்கார்ந்து அழுதான். டைபாய்டுக்குப் பிறகு அவன் என் தோளில் சாய்ந்தது அன்றுதான். "என்னை விட்டுடாதடா வார்டா" என்றான். விடுவேனா?

அடுத்த மூன்று வருடமும் எப்படி இருந்தது என்று எழுதினால் உங்களுக்குப் பொறாமையாக இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை, அதற்கு நான் நாள் குறிப்பேன். தையல்காரர் எந்த வாரம் வருகிறாரோ அந்த வாரம். ஆனால் சுருட்டை வாரத்தில் நாலு நாள் சாயங்காலம் தானாகவே வந்துவிடுவான். உப்பில்லாத சாப்பாட்டைத் திட்டுவான். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று கோடு போட்ட பாட்டிலைக் கையோடு கொண்டுவருவான். பேசிக்கொண்டே இருப்போம். கணக்கு மாதம் இரண்டு முறை பஸ் ஏறி வந்தான். இருபத்துநான்கு வருடத்தில் மூவரும் சேர்ந்து உட்கார்ந்த நேரத்தையெல்லாம் கூட்டினாலும் அந்த மூன்று வருடத்துக்கு ஈடாகாது. யாரும் குளிக்கப் போகவில்லை.

கணக்கு ஒருநாள் திடீரென்று, "எனக்கு ரெண்டு கிட்னி இருக்கு. அவனுக்கு ஒண்ணு வேணும். ரெண்டுல ஒண்ணு போனா மிச்சம் ஒண்ணு. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றான். "முதல்ல என்னோடதைப் பாருங்க" என்றேன். மனசார சொன்னேன், சார். என்னுடையது பொருந்தியிருந்தால் கொடுத்திருப்பேன். எந்தக் காலத்தில் எந்த நண்பர்கள் இப்படி இருந்திருக்கிறார்கள்?

சுருட்டையின் சின்ன மகள் விஷயத்தை நீங்கள் இரண்டு முறை கேட்டீர்கள். அவள் அப்போது கல்லூரி இரண்டாம் வருடம். "நான் இருக்கும்போதே ஒருத்தன் கையில பிடிச்சுக் கொடுத்துடணும்" என்று சுருட்டை பிடிவாதமாக நின்றான். அவள் என்னிடம் வந்து, "அங்கிள், நீங்க சொன்னா அப்பா கேட்பாரு. டிகிரி முடிக்கிற வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க, ப்ளீஸ்" என்றாள். நான் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு தகப்பனுக்கும் மகளுக்கும் நடுவில் வெளியாள் நுழையக்கூடாது. கல்யாண வேலை முழுவதையும் நான்தான் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தேன். பந்தியில் கடைசி ஆள் சாப்பிடும்வரை நான் உட்காரவில்லை. எட்டு மாதத்தில் அவள் ஒரு கைப்பையோடு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்ததற்கு மாப்பிள்ளை பையனின் குணம் காரணம். அதை என் தலையில் கட்ட முடியாது.

தையல்காரருக்கு வருகிறேன். அவருடைய சர்க்கரை அளவை நான் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. சாம்பல் மூடிக் குழாய் எப்போதும் அவருடையதுதான், அறிக்கையும் சரியானதுதான். சிறுநீரகத்துக்கு மட்டும் சுருட்டையின் எண் போனது. அவருடைய டாக்டர் அதைப் பார்த்து, "சர்க்கரை இருந்தும் கிட்னி சின்னப் பையன் மாதிரி இருக்கே" என்று பாராட்டியதாக அவர் வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னார். நாள் முழுக்கக் குனிந்து தைப்பதால் அவருக்குக் கழுத்து வலி உண்டு. அதற்கு வலி மாத்திரை சாப்பிடுவார். சிறுநீரகம் கெட்டவர்கள் அதைத் தொடவே கூடாது. நன்றாக இருப்பதாக அறிக்கை இருந்ததால் டாக்டரும் தடுக்கவில்லை. இது எனக்கும் தெரியும். தெரியாது என்று எழுதினால் நான் படித்த படிப்புக்கு அவமானம்.

கடைசி வருடம் அவர் நிறம் மங்கிவிட்டது. ஒருநாள் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டினார். விரலால் அமுக்கினார். குழி விழுந்து அப்படியே நின்றது.

"கால் வீங்குது சார். காலையில எழுந்தா முகமும் உப்பியிருக்கு. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு ஒண்ணும் இல்லைங்கிறாரு. வேற ஏதாவது டெஸ்ட் இருந்தா நீங்களே சொல்லுங்களேன். உங்களுக்குத் தெரியாததா?"

"நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு மெஷின் மிதிக்கிறீங்க. வீங்கத்தான் செய்யும்" என்றேன். "படுக்கும்போது காலுக்குத் தலையணை வச்சுக்கங்க."

"சரிங்க சார்" என்றார். அடுத்த வாரம் என் கோட்டில் கிழிந்திருந்த பையைத் தைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "நீங்களே கையால ரத்தம் எடுக்கிறீங்க, வேற எந்த லேப்புல முதலாளி எடுக்கிறாங்க?" என்றார்.

அவர் ரத்தத்தில் எண் ஏற ஏற, சுருட்டையின் அறிக்கையிலும் ஏறிக்கொண்டே போனது. அதில் எனக்குக் கவலை இருந்தது. சுருட்டையைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும் என்று டாக்டர் பேச ஆரம்பித்திருந்தார். அங்கே அவர்களுக்குச் சொந்த லேப் உண்டு. அதனால் அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குணப்படுத்த ஒரு திட்டம் வைத்திருந்தேன். இருவருடைய ரத்தத்தையும் பாதிப் பாதி கலந்தால் எண் இறங்கும். அடுத்த முறை முக்கால் கால். ஒரு வருடத்தில் தேறிவிடுவான். அது என் கவனிப்பால் நடந்ததாக எல்லோரும் சொல்லியிருப்பார்கள். அது பொய்யும் இல்லை.

அதற்குத் தையல்காரர் இடம் கொடுக்கவில்லை. பதின்மூன்றாவது பரிசோதனை முடிந்த ஒன்பதாம் நாள் கடையிலேயே மயங்கி மெஷின் மேல் விழுந்தார். அரசு மருத்துவமனையில் இரண்டு தடவை ரத்தத்தைச் சுத்திகரித்துப் பார்த்தார்களாம். மூன்றாம் தடவைக்கு உடம்பு தாங்கவில்லை. அங்கே பணியில் இருந்தது ஓர் இளம் பெண் டாக்டர். ஸ்கேனில் சிறுநீரகம் இரண்டும் சுருங்கிப் போயிருந்ததைப் பார்த்திருக்கிறாள். வருடக்கணக்கில் கெட்டுக் கிடந்தால்தான் அப்படி ஆகும். அதே சமயம் தையல்காரரின் மனைவி துணிப்பையிலிருந்து எடுத்து நீட்டிய பதின்மூன்று அறிக்கைகளிலும் எல்லாம் நன்றாக இருந்தது. மற்றவர்களாக இருந்தால் தோளைக் குலுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். அவள் உட்கார்ந்து புகார் எழுதினாள். கெட்டிக்காரி. நீங்கள் வந்தீர்கள், ஃப்ரீசரைத் திறந்தீர்கள். இருவருடைய மீதி ரத்தத்தையும் நான் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்ததால் உங்களுக்கு வேலை சுலபமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

லேப்பைப் பூட்டி முத்திரை வைத்த செய்தி கேட்டதும் கணக்கு முதல் பஸ்ஸிலேயே வந்து சுருட்டையை வேறோர் ஊருக்குக் கூட்டிப்போய் ரத்தம் எடுத்திருக்கிறான். மறுநாள் காலை பத்து மணிக்கு இருவரும் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். கணக்கு உள்ளே வரவில்லை. வெளிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தான். சுருட்டை மட்டும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். கோடு போட்ட தண்ணீர்ப் பாட்டில் பழக்கத்தில் கையோடு வந்திருந்தது. மூடியைத் திறந்து ஒரே மூச்சில் முழுவதையும் குடித்தான்.

"எனக்கு ஒண்ணுமே இல்லையாம்டா" என்றான். "ஒண்ணுமே இல்லையாம்."

"தெரியும்" என்றேன்.

"மூணு வருஷம். தினம் காலையில எழுந்து, இன்னிக்கு இருக்கேனான்னு பார்ப்பேன். என் பொண்ணு கால்ல விழுந்து அழுதாடா. செத்துப்போற அப்பனுக்காகப் பண்ணிக்கம்மான்னு சொன்னேன்." காலிப் பாட்டிலைத் தரையில் வைத்தான். "எதுக்குடா பண்ணின?"

"நீ போயிருப்ப."

"ரெண்டு வருஷ வேலைடா அது! முடிச்சிட்டுத் திரும்பி வந்திருப்பேன். என் வீடு இங்கேதானே இருக்கு?"

ரெண்டு வருஷம் என்று அன்றைக்கு அவன் சொல்லியிருக்கலாம். போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்றான். ஒரு வார்த்தை ஒழுங்காகச் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. அதை அவனிடம் சொன்னேன்.

"உனக்கு வார்டன்னு ஏன் பேர் வச்சோம்னு இன்னும் புரியலையாடா?" என்றான். "நீ படியில உட்கார்ந்திருப்பியேன்னு பயந்துக்கிட்டு நாங்க ரெண்டு பேரும் எத்தனை நாள் சினிமாவை பாதியில விட்டுட்டு ஓடி வந்திருக்கோம் தெரியுமா? பாவமா இருந்துச்சு உன்னைப் பார்த்தா. அதான் சிரிச்சோம். அதான் இத்தனை வருஷம் போனை எடுத்தோம்."

எழுந்து போய்விட்டான். கேட்டருகே கணக்கு அவன் தோளில் கை போட்டுக்கொண்டான். இருவரும் தெருமுனைவரை அப்படியே போனார்கள். கோபத்தில் சொன்னது, சார். கோபத்தில் மனிதன் வாய்க்கு வந்ததைச் சொல்வான். ஒரே அறையில் இருந்தவர்களுக்குள் இதெல்லாம் சகஜம். அவன் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறான் என்று நீங்கள் நேற்றுச் சொன்னீர்கள். சொல்லட்டும். அவன் என்ன சொன்னாலும் அதில் தவறு இருக்காது. நீதிமன்றத்தில் மூவரும் ஒரே கூரையின் கீழ் இருப்போம் அல்லவா?

நீங்கள் எதிர்பார்க்கும் வரிகளை இப்போது எழுதிவிடுகிறேன். பதின்மூன்று முறையும் சீட்டுகளை மாற்றி ஒட்டியது நான். ஒரு முறைகூடக் கைத்தவறு இல்லை. வேறு யாருக்கும் தெரியாது. ரத்தம் எடுக்க உதவும் அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள், அவளுக்கு எதுவும் தெரியாது. மாற்றினால் தையல்காரருக்கு என்ன ஆகும் என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். அவர் பாதத்தில் விழுந்த குழியைப் பார்த்தபோது இன்னும் நன்றாகத் தெரிந்தது.

அவர் மனைவியிடம் என்ன சொல்ல விரும்புகிறீர்கள் என்று கேட்டீர்கள். இரண்டு நாளாக யோசித்தேன். எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். அவர் பதின்மூன்று முறையும் தனியாகத்தான் வந்தார், தனியாகத்தான் போனார். காலைத் தூக்கிக் காட்டக்கூட அவருக்கு லேப்காரன்தான் கிடைத்தான். பக்கத்தில் ஒரு சிநேகிதன் நின்று, "இந்த ரிப்போர்ட்டை நம்பாதே, வா, வேற இடத்துல பார்க்கலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போயிருந்தால் அந்த மனிதர் இன்றைக்கும் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருப்பார். பாவம், என்னைப் போல ஒரு நண்பன் அவருக்கு இல்லை.